செய்முறைக்கு வராத நாட்கள்

விஞ்ஞான இளமாணிப் பட்டம் எடுக்க என்னென்ன தேவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மன்னாரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள் நான். பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். மூன்று பாடம், மூன்று வருடம். ஒவ்வொரு பாடத்திலும் இத்தனை கிறெடிற் சேர்க்க வேண்டும், அதிலே கட்டாயமானது இவ்வளவு, விரும்பி எடுப்பது இவ்வளவு. ஆங்கிலத்தில் சித்தி இல்லாமல் பட்டம் இல்லை. விரிவுரைக்கும் செய்முறைக்கும் நூற்றுக்கு எண்பது வரவு வேண்டும், அது குறைந்தால் பரீட்சை மண்டபத்தின் வாசலையும் மிதிக்க விடமாட்டார்கள். பிள்ளைகள் கிறெடிற் விசயத்தை விழுந்து விழுந்து எழுதுவார்கள். வரவு என்றதும் பேனையை மூடிவிடுவார்கள். வகுப்புக்குப் போவதும் ஒரு பெரிய காரியமா என்ற நினைப்பு. நான் அதற்கு மேல் விளக்குவதில்லை. நானும் அந்த வயதில் பேனையை மூடினவள்தான்.

எனக்குக் கிடைத்தது யாழ்ப்பாணம். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல். எங்கள் வீடு மன்னார்த் தீவின் வடகரையில், கடலுக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கும் நடுவில். அப்பா நண்டு வலைக்காரர். அம்மாவின் தம்பியும் அவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போவார்கள். வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை. உயிரியல் படித்தவள் என்பதால் அப்பா என்னை டொக்டர் ஆக்கிவிட்டுத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இது டொக்டர் படிப்பு இல்லை என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன்.

"விலங்கியல் எண்டா மீனும் வருமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"வரும்."

"அப்ப எனக்கும் பாதிப் பட்டம் தரச் சொல்லு. மிச்சத்தை நீ எடு."

இப்படி அவர் பகிடி விட்டால் நான் சிரிக்கமாட்டேன். சிரித்தால் அன்று முழுக்க நிறுத்தமாட்டார்.

முதலாம் வருடத்தின் இரண்டாம் பாதியில் ஒரு பின்னேரம், இரசாயன ஆய்வுகூடத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நியமிப்புச் செய்துகொண்டிருந்தபோது மாமா போன் எடுத்தார். ஆய்வுகூடத்தில் போன் கதைக்கக் கூடாது. வெளியில் வந்து எடுத்தேன்.

"அப்பா இன்னும் கரைக்கு வரேல்லை பிள்ளை. நீ ஒருக்கா வா."

உள்ளே போய் அளவியில் மிச்சமிருந்த அமிலத்தை ஊற்றிவிட்டு, தண்ணீரால் இரண்டு தரம் கழுவி, தலைகீழாகக் கொளுவினேன். கழுவாமல் போனால் புள்ளி குறைப்பார்கள். அறைத்தோழியிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் பெரியமடுவில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கடலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. "வந்திடுவார், வந்திடுவார்" என்று சொல்லிச் சொல்லி என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள். பூநகரி வழியாகப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். மாமாவுக்குக் காய்ச்சல். அப்பா தனியே போனார். தனியே போகிற வழக்கம் இல்லை. ஆனால் வலை இரண்டு நாளாகக் கடலில் கிடந்தது, இன்னும் விட்டால் நண்டு செத்து நாறிவிடும். படகை மறுநாள் தீடையில் கண்டெடுத்தார்கள். தலைமன்னார் முனையிலிருந்து இந்தியப் பக்கம் போகிற மணல் திட்டுகளைத்தான் எங்கள் ஆட்கள் தீடை என்பார்கள். படகுக்கு ஒரு கீறல் இல்லை. இயந்திரம் நல்லபடி இருந்தது. வலை பாதி ஏற்றியபடி கிடந்தது. சோற்றுப் பெட்டி திறக்கப்படவில்லை. அப்பா இல்லை.

எங்கள் கரையில் இப்படி ஒரு ஆள் இல்லாமல் போனால் அவர் செத்துவிட்டார் என்று யாரும் உடனே முடிவு கட்டமாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அக்கரை கிட்ட. அந்தப் பக்கத்துப் படகுகள் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், அவர்களின் கரையோரக் காவல் பிடித்திருக்கலாம், எங்கோ ஒரு சிறையில் வழக்கு நடக்கலாம். எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் அப்படிப் போய், பல மாதத்துக்குப் பிறகு இடுப்பில் புதுச் சாரமும் கையில் ஒரு பையுமாக பஸ்ஸால் இறங்கி வந்தார். அவர் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்ததில் அந்தப் புதுச் சாரம் அன்றைக்கே பழசாகிவிட்டது. ஊர் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

அதனால் ஒரு வழக்கம் உண்டு. உடல் கரை சேராத வரைக்கும் கோயிலில் துக்க மணி அடிக்கமாட்டார்கள். அடிக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் மனைவி போய்ப் பங்குக் குருவான சுவாமியிடம் கேட்க வேண்டும். தாய் கேட்டாலும் செல்லாது, தமையன் கேட்டாலும் செல்லாது. அவள் கேட்கும்வரை செத்த வீடு இல்லை, கறுப்புச் சீலை இல்லை, இறந்தவருக்கான பூசை இல்லை. வீட்டில் அடுப்பு எரியும். சனம் வந்துபோகும், ஆனால் அழமாட்டார்கள். "செய்தி ஏதும் உண்டோ?" என்று மட்டும் கேட்பார்கள்.

அம்மா கேட்கப் போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் நவநாளுக்குப் போனாள். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே. மற்ற நாட்களில் சமைத்தாள், கூட்டினாள், கோழிக்குத் தீன் போட்டாள். நானும் மாமாவும் கந்தோர் கந்தோராகத் திரிந்தோம். கடற்றொழில் கந்தோர், பொலிஸ், கடற்படை முகாம். மாமாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் தெரியாது. எனக்கு ஒன்று அரைகுறை, மற்றது அதிலும் பாதி. நான்தான் எழுதினேன், நான்தான் கதைத்தேன். கதிரையில் இருக்கச் சொல்லுவார்கள், இருப்பேன். நாளைக்கு வரச் சொல்லுவார்கள், போவேன். எந்தக் கந்தோரில் எந்த மின்விசிறி வேலை செய்யாது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அப்பாவின் அடையாளம் கேட்டபோது, இடது புருவத்தில் தழும்பு, கழுத்தில் கறுப்பு நூலில் சிலுவை என்று ஒரு மாதிரிப்பொருளை விவரிக்கிறது போலச் சொன்னேன். அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்று யோசித்தேன், அப்போதும் வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். நித்திரை வந்தது, படுத்தேன்.

அந்த நாட்களில் பல்கலைக்கழகத்தில் இரசாயனச் செய்முறை வாரா வாரம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

திரும்பிப் போனபோது அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. வரவு போதாமையால் பரீட்சைக்குத் தோற்ற முடியாதவர்கள். அதில் என் பதிவிலக்கம். விரிவுரைகளில் மயிரிழையில் தப்பியிருந்தேன். தாவரவியலும் விலங்கியலும் எப்படியோ சரிவந்திருந்தன. இரசாயனச் செய்முறையில் மட்டும் பெரிய பள்ளம். அந்தச் செய்முறைக்கு வரவு இல்லையென்றால் அந்த அலகு இல்லை. அலகு இல்லையென்றால் கிறெடிற் இல்லை. இரசாயனம் விழுந்தால் மூன்று பாடத்தில் ஒன்று இல்லை, பட்டமும் இல்லை. அடுத்த வருடம் கீழ் வகுப்போடு சேர்ந்து முதலில் இருந்து தொடங்கலாம். ஆனால் அப்பா இல்லாத வீட்டில் நான் இன்னொரு வருடம் விடுதியில் இருந்து படிக்க வழியே இல்லை. இந்த வருடம் விட்டால் படிப்பு விட்ட மாதிரித்தான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் பதற்றம் வரவில்லை. அடுத்தவரின் இலக்கத்தைப் பார்க்கிறது போல என் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறைத்தோழிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உதவிப் பதிவாளரிடம் போனாள்.

அவர் வயது போன மனிதர், நல்ல மனிதர். என்னை இருக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கையேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பிள்ளை, ரெண்டு காரணத்துக்குத்தான் விலக்கு இருக்கு. ஒண்டு உமக்கு வருத்தம் எண்டா மெடிக்கல். மற்றது தாய், தகப்பன், சகோதரம் இறந்தா அதுக்கு அத்தாட்சி. இது ரெண்டும் இல்லாம நான் கொமிற்றிக்கு ஒண்டும் கொண்டுபோகேலாது."

"அப்பா காணாமல் போனவர் சேர்."

"விளங்குது. ஆனா காணாமல் போனதுக்கு இதில ஒரு வரியும் இல்லை. பொலிஸ் முறைப்பாட்டை வச்சு விலக்குக் குடுக்க வழியில்லை." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "மரணப் பதிவு இப்ப எடுக்கேலாது எண்டு எனக்குத் தெரியும். உங்கட பங்குச் சுவாமியிட்ட இருந்து ஒரு கடிதம் எண்டாலும் காணும். பூசை ஒப்புக்குடுத்தது எண்டு எழுதி, இறந்திட்டார் எண்டு அதில இருக்க வேணும். நான் மிச்சம் பாக்கிறன். தவறின செய்முறைகளைத் தனியாச் செய்ய விடுவினம்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அறைத்தோழிக்கு நான் கடிதத்தைப் பற்றி விளக்கியபோது அவள் நெற்றியைச் சுருக்கினாள். உடல் இல்லாமல் மணி அடிக்கிற விசயமெல்லாம் அவளுக்குப் புதிது.

"அதை விடு. மெடிக்கலை எடு. அம்மாள் வருத்தம் எண்டு எழுதுவிச்சா ஒரு மாசத்துக்கும் கணக்குச் சரி. எனக்குத் தெரிஞ்ச தனியார் டொக்டர் ஒருத்தர் இருக்கிறார், கேட்டா எழுதித் தருவார். நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. பாதி வகுப்பு அப்படித்தான் பிழைத்தது. எல்லாருக்கும் பரீட்சை நெருங்க நெருங்க அம்மைக் கொப்புளம் போட்டு, பரீட்சை முடிந்ததும் மாறிவிடும். ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன்.

அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பது வீதம், அலகு, கிறெடிற், இரண்டு காரணம், சுவாமியின் கடிதம், மெடிக்கல். அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஆனால் ஒன்றையும் இரண்டாம் தரம் சொல்ல வைக்கவில்லை.

"கடிதத்தில என்ன எழுத வேணுமாம்?"

"இறந்திட்டார் எண்டு."

"அது ஏலாது."

"ஓம் அம்மா. அதான் மெடிக்கல் எடுக்கப் போறன்."

"எடு," என்றாள். வெங்காயம் உரிக்கும்போது யாருக்கும் கண்ணீர் வரும். அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்த நாள் காலை நான் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா முகம் கழுவி, தலை இழுத்து, பூசைக்குப் போகிற வெள்ளைச் சீலையோடு வந்து நின்றாள். அன்று ஞாயிறு இல்லை.

"என்ன வருத்தம் எண்டு எழுதப் போகினம்?"

"அம்மாள் வருத்தம். சும்மா பேருக்கு."

"வேண்டாம்."

"அது பொய்தானே அம்மா. எனக்கு ஒண்டும் வராது."

"ஒரு பொய் எழுதித்தான் ஆக வேணுமெண்டா அப்பாவில எழுதட்டும். அவர் தாங்குவார்."

நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அவள் அதற்குள் படலையைத் தாண்டிவிட்டாள். நான் பையைத் தோளில் போட்டபடியே முற்றத்தில் நின்றேன். பின்னால் போயிருக்கலாம். போய் மறித்திருக்கலாம். தடுக்க வேண்டுமா விட வேண்டுமா என்றே எனக்குத் தெரியவில்லை. கோழிகள் காலடியில் வந்து மேய்ந்தன.

பிறகு மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணி வேறு. இது ஒன்று அடித்து, அது அடங்கும்வரை விட்டு, பிறகு இன்னொன்று. ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கிச் சிலுவை போட்டார். பக்கத்து வீட்டு மாமி முன்றானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து ஓ என்று அழுதார். அவர் அழுத அழுகையில் என் தோள் நனைந்தது. நான் பையைக் கீழே வைத்தேன்.

ஊர் இதற்காகக் காத்திருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கொஞ்ச நேரத்துக்குள் முற்றத்தில் பந்தல் எழும்பியது. கதிரைகள் வந்தன, பெரிய கேத்தில் வந்தது, வாசலில் கறுப்புத் துணி கட்டினார்கள். எல்லாம் எங்கோ தயாராக இருந்திருக்கிறது. எல்லாரும் மனதில் அவரைப் புதைத்துவிட்டு, அம்மாவின் முகத்துக்காக இத்தனை நாளும் செய்தி உண்டோ செய்தி உண்டோ என்று கேட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மீது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தலுக்குள் மேசை போட்டு அப்பாவின் படத்தை வைத்தார்கள். எனது உயர்தரப் பெறுபேற்றுக்காகப் படம் பிடிக்கப் போனபோது கூட எடுத்த படம், என் தோள் பாதி தெரிந்தது. அதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

மாமாதான் எல்லாரையும் விட அழுதார். காய்ச்சலைச் சொல்லிச் சொல்லி அழுதார். அம்மா கறுப்புச் சீலை கட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். அழுதவர்களின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு திரிந்தேன். யாருக்குச் சீனி கூட, யாருக்குச் சீனியே வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன்.

பூசை முடிந்தபின் சுவாமி கடிதத்தை எழுதி உறையில் போட்டு என்னிடம் தந்தார். "அம்மாவிட்ட நான் மூண்டு தரம் கேட்டனான், நிச்சயமோ எண்டு," என்றார். "ஓம் எண்டு சொன்னவ. நீ படி பிள்ளை." அவர் என் தலையில் கையை வைத்தார். நான் உறையைப் பையின் உள்ளறையில் வைத்துச் சிப்பைப் பூட்டினேன்.

உதவிப் பதிவாளர் சொன்னபடி செய்தார். தவறிய செய்முறைகளை நான் தனியாகச் செய்தேன். நீண்ட மேசைகளுக்கு நடுவில் நானும் ஒரு ஆய்வுகூட உதவியாளரும் மட்டும். அந்தப் பெண் ஒரு மூலையில் இருந்து பின்னல் பின்னிக்கொண்டிருப்பார். உப்புப் பகுப்பாய்வு, நியமிப்பு, வீழ்படிவு. சுட்ட புடக்குகை ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எனக்கு அது நன்றாக வந்தது. எதையும் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு அப்போது முடிந்தது. ஒவ்வொரு செய்முறைக்கும் கையெழுத்து வாங்கினேன். பரீட்சை எழுதினேன். இரசாயனத்தில் மட்டுமட்டாகச் சித்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பது ஒன்றைத்தான். "இன்னும் என்ன இருக்கு?"

முதலில் நான் பொறுமையாகச் சொன்னேன். இரண்டாம் வருடத்துக்கு இத்தனை அலகு இருக்கிறது, ஆங்கிலப் பரீட்சை ஒன்று இருக்கிறது, களப்பயணம் ஒன்று இருக்கிறது, அதற்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அம்மா சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். அடுத்த முறை போகும்போது அவளே தொடங்குவாள். "இங்கிலிசு முடிஞ்சுதோ? அந்த அறிக்கை குடுத்தாச்சோ? அதில ஒரு குறையும் சொல்லேல்லையே?" கொஞ்சக் காலத்தில் என் பட்டத்துக்கு என்னென்ன தேவை என்பது என்னை விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. மகள் எப்போது முடிப்பாள், எப்போது சம்பளம் எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என நினைத்தேன். கருவாடு காயப்போட்டு, கூலிக்கு வலை தெரிந்து நண்டு கழற்றி என்னைப் படிப்பிக்கிறவள் அப்படி நினைத்தாலும் பிழையில்லை. ஆனாலும் ஒருநாள் வெடுக்கென்று சொன்னேன்.

"முடிஞ்சா நான் சொல்லுவன்தானே. ஏன் சும்மா அரிக்கிறீங்கள்?"

"கேட்டனான் பிள்ளை. கேக்கக் கூடாதோ?" என்றுவிட்டு எழும்பிப் போனாள்.

இரண்டாம் வருட முடிவில், பரீட்சைக்குப் படிக்க நான் வீட்டில் நின்றபோது மாமா அவசரமாக வந்தார். அக்கரையில் ஒரு சிறையில் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் கிடக்கிறார்களாம், ஊர் பேர் ஒன்றும் சரியாகத் தெரியவில்லையாம், கொண்டச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் விடுபட்டு வந்து சொல்லியிருக்கிறாராம். தான் போய் அவரைக் கண்டு கதைக்கப் போவதாகச் சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வேண்டாம்," என்றாள் அம்மா.

"என்னக்கா சொல்லுறாய்? ஒருக்காக் கேட்டா என்ன?"

"இப்ப வேண்டாம். ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்க வேண்டாம். பூசை வச்சாச்சு."

"உனக்கென்ன கல் நெஞ்சோ?"

மாமா கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார். பல வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் திறந்திருந்த விலங்கியல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவை விட்டுவிட்டாள், அவளுக்கு மனம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாக இருந்தது. அவள் காத்திருந்தால் நானும் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்கத் தெம்பு இல்லை. முட்தோலிகளின் நீர்க்கலன் தொகுதியைப் படம் வரைந்து பெயரிட்டேன்.

மூன்றாம் வருடமும் போனது. கடைசிப் பெறுபேறு வந்தபோது நான் சித்தி என்பதை அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அவள் சந்தோசப்பட்டதை விடக் கேள்விதான் கூடக் கேட்டாள். "அப்ப எல்லாம் முடிஞ்சுதோ?" என்றாள். இன்னும் பட்டமளிப்பு இருக்கிறது, அன்றைக்குத்தான் கையில் தருவார்கள் என்றேன். "சரி, அதுவும் முடியட்டும்," என்றாள்.

பட்டமளிப்புக்கு அம்மா கறுப்புச் சீலையோடு வந்தாள். மற்றத் தாய்மார் பட்டும் பூவுமாக வந்திருந்தார்கள். வேறு சீலை கட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கி வாடகைக்கு எடுத்தது, தோள் பெரிது, நான் நடக்கும்போது வழுக்கி வழுக்கி இறங்கியது. மேடையில் ஏறினேன், வாங்கினேன், இறங்கினேன். அறைத்தோழி தன் அண்ணனைக் கொண்டு எங்கள் இருவரையும் படம் எடுத்துத் தந்தாள். அம்மா படத்தில் சிரிக்கவில்லை, என் கையிலிருந்த உறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பின்னேர பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். அறைத்தோழி பெரியமடுச் சந்தியில் இறங்கிக் கை காட்டினாள். பட்ட உறை அம்மாவின் மடியில் இருந்தது, வியர்வை படாமல் தன் கைலேஞ்சியால் சுற்றி வைத்திருந்தாள். தள்ளாடிச் சந்தியில் திரும்பித் தீவுக்குப் போகிற தாம்போதியில் பஸ் ஏறியதும், இரண்டு பக்கமும் தண்ணீர் வந்ததும், கேட்டாள்.

"இனி ஒண்டும் குடுக்கத் தேவையில்லையே?"

"என்னத்தை?"

"அவைக்கு. வரவு, கடிதம், இங்கிலிசு. ஒண்டும் மிச்சமில்லையே?"

"இல்லை அம்மா. இனி ஒண்டும் இல்லை. இது என்னுடையது."

"திருப்பி வாங்கமாட்டினம்?"

"ஏன் வாங்கப் போகினம்?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. முன் ஆசனத்தின் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"இனி அவர் வந்தாலும் பறிக்கமாட்டினம்தானே?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்று வருடமாக அவள் கேட்ட ஒவ்வொரு "இன்னும் என்ன இருக்கு" என்பதும் விளங்கியது. அப்பா உயிரோடு வந்து படலையைத் திறந்தால் சுவாமியின் கடிதம் பொய்யாகிவிடும், கடிதம் பொய்யென்றால் செய்முறை இல்லை, செய்முறை இல்லையென்றால் அலகு இல்லை, அலகு இல்லையென்றால் பட்டம் இல்லை. நான் அவளுக்கு விளக்கின அதே ஒழுங்கில்தான் அவள் அதை நினைத்து வைத்திருக்கிறாள். அப்படி ஒரு விதி எந்தக் கையேட்டிலும் இல்லை. காணாமல் போனவர் திரும்பி வந்தால் அந்தப் பதிவாளர் எழும்பி நின்று கைகொடுத்திருப்பார். அதை அவளுக்குச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை, அவள் கேட்கவும் இல்லை. கொண்டச்சி ஆளிடம் போக வேண்டாமென்று மாமாவை மறித்தது இதற்குத்தான். அப்போது எனக்கு இரண்டாம் வருடமே முடிந்திருக்கவில்லை. அவர் எங்கோ ஒரு சிறையில் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டே, இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"மாட்டினம் அம்மா," என்றேன். "ஒருத்தரும் பறிக்கமாட்டினம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப மாமாவுக்குப் போன் எடு."

எடுத்தேன். மாமா ஹலோ என்றார். எத்தனையோ நாள் வராமல் இருந்த அழுகை பஸ்ஸுக்குள், அத்தனை சனத்துக்கு நடுவில், ஓவென்று வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா "என்ன பிள்ளை, என்ன பிள்ளை" என்று கத்துவது கேட்டது. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி," என்றாள். "பிள்ளை முடிச்சிட்டாள். இனி அவரைத் தேடலாம்."